கூட்டு வேலைக்குப் புது வீடு



வீடு மாறும்போது சாமான் எல்லாம் வண்டியில் ஏறிவிடும். தபால்காரருக்கு மட்டும் புது விலாசம் தெரியாது. பலர் கூடிச் செய்யும் திறமூல மென்பொருள் வேலையை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இதே கதைதான்.

பைத்தான் கண்ட மாற்றம்

பைத்தான் மொழியின் மூலநிரல் 2017 பிப்ரவரி 10 அன்று மெர்க்குரியலிலிருந்து கிட்ஹப்புக்கு மாறியது. அதற்கு முன், திருத்தம் செய்பவர் தன் மாற்றத்தைத் தனிக் கோப்பாக்கிப் பிழைப் பதிவேட்டில் சேர்ப்பார். உரிமை பெற்ற ஒருவர் அதை எடுத்து நிரலில் இணைப்பார். பிறகு வந்தது 'புல் ரிக்வெஸ்ட்' முறை. பிழைப் பதிவேடு 2022 ஏப்ரலில்தான் இடம் பெயர்ந்தது. கிட்ஹப்பில் பிழைக் குறிப்புக்கும் புல் ரிக்வெஸ்டுக்கும் ஒரே எண் வரிசை. எனவே புது எண் கொடுத்து, பழைய எண்ணையும் குறிப்பிலேயே எழுதி வைத்தார்கள்.

நம்ம ஊர்ப் பெயரில் ஒன்று

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் நூல்களை மின்னுரையாக்கி இலவசமாகத் தரும் தன்னார்வலர் பணி. ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் பிழை திருத்துவார். அதுவும் திஸ்கி குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாறியது.

'கொ' எழுத்தைப் பாருங்கள். திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என மூன்று குறி. யூனிகோடில் முதலில் க, அடுத்து ஒகரக் குறி, இரண்டே. ஆக, மாற்றும் நிரல் வரிசையையும் திருப்ப வேண்டும். 'கௌதமன்' என்பதில் கடைசிக் குறிக்குப் பதில் யாராவது 'ள' தட்டியிருந்தால்? நிரல் 'கெளதமன்' என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதை மனுஷக் கண்தான் பார்க்கணும்.

நமக்குப் பாடம்

1. முதலில் சிறு பகுதியை மாற்றிச் சோதியுங்கள்.
2. பழையதை அழிக்காதீர்கள், படிக்க மட்டும் திறந்து வையுங்கள்.
3. தேதி குறித்து, அதன்பின் பழைய இடத்தில் எதையும் வாங்காதீர்கள். ரெண்டு இடத்திலும் வாங்கினால் ரெண்டும் குழம்பும்.
4. எந்த வரியை யார் எழுதினார் என்ற வரலாறு விடுபடக் கூடாது. சம்பளமில்லாமல் உழைத்தவருக்கு அந்தப் பெயர்தான் கூலி.
5. புது முறை புரியாமல் ஒருவர் சத்தமில்லாமல் விலகிவிட்டால் மாற்றியதில் என்ன லாபம்? பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டுங்கள்.

கடைசி வருட ப்ராஜெக்டை பென்டிரைவில் கைமாற்றிக்கொண்டிருக்கும் நண்பர்களே, நால்வர் குழுவில் இன்றே இதைப் பழகலாமே!