போனில் கரையும் காசு

கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தாலும் "ஏன்?" என்று கேட்கிறோம். போனில் காசு குறைந்தால் கேட்கிறோமா?

"அம்பது ரூபாதானே" என்று தினமும் ரீலோட் போட்டால், 30 நாளில் 1,500 ரூபாய். வீட்டில் இரண்டு போன் என்றால் 3,000 ரூபாய். இது எங்கே போகிறது?

1. பெக்கேஜ் முடிந்த பிறகும் டேட்டா திறந்திருந்தால், மிச்சமுள்ள ரீலோட் காசு வெட்டுப்படலாம். வேலை முடிந்ததும் டேட்டாவை அணைத்து வையுங்கள்.

2. வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் நாம் தொடாமலே இறங்கலாம். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா' என்ற இடத்தில் அதை நிறுத்தலாம். தெரியாவிட்டால் பிள்ளைகளிடம் கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

3. ராசிபலன், அழைப்புப் பாட்டு போன்ற சேவைகள் தெரியாமல் சேர்ந்திருக்கலாம். கம்பெனியின் உதவி இலக்கத்துக்குப் பேசி, "என்னென்ன சேவைக்கு காசு வெட்டுறீங்க?" என்று கேளுங்கள். வேண்டாததை நிறுத்தச் சொல்லுங்கள்.

போன் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்தபோது, பதுளை மாவட்டத்தில் பிள்ளைகள் சிக்னல் தேடி மலை ஏறிப் படித்தார்கள். பாடத்துக்கு டேட்டா தேவைப்படும் நாளில், முதல் நாள் பார்த்த வீடியோவில் அது தீர்ந்துபோயிருந்தால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

இந்த மாதம் ஒவ்வொரு ரீலோட்டையும் சுவர்க் கலண்டரில் எழுதுங்கள். சம்பள நாளன்று குடும்பமாக உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். அந்தக் கணக்கே உங்களுக்கு வழி சொல்லும்.