கையெழுத்தின் சுமை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரைக்கால் மூன்று புறமும் தமிழ்நாட்டின் டெல்டா மாவட்டங்களால் சூழப்பட்டிருப்பினும் நிர்வாகத்தால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால், இங்கிருந்து உயர் சிகிச்சைக்கு அனுப்பப்படும் நோயாளி பலவேளைகளில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் கடந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்கிறது. உடன் செல்பவர் ஓரிருவர், ஏனையோர் ஊரில், 1954 வரை நீடித்த பிரெஞ்சு ஆட்சியின் தொடர்ச்சியாகச் சில குடும்பங்களின் பிள்ளைகள் பிரான்சில். வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவியைப் பொருத்துவதா, தொடர்வதா, நிறுத்துவதா என்ற கேள்வி எழும்போது, அங்கே நிற்கும் ஒருவர்மேல் விழும் மனச்சுமையைச் சில தவறான நம்பிக்கைகள் மேலும் கூட்டுகின்றன.

நம்பிக்கை 1: கையெழுத்துப் போட்டவரே உயிரைப் போக்கியவர்.

உண்மை: உயிரைப் பறிப்பது நோயே. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பு, மீள வழியற்ற நிலையில் உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதை அனுமதித்தது. மருந்து செலுத்தி உயிரைப் போக்குவதோ இன்றும் குற்றம். 2023 ஜனவரியில் எளிமையாக்கப்பட்ட நடைமுறையின்படி, சிகிச்சையளிக்கும் மருத்துவரும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்களும் கொண்ட முதன்மைக் குழு ஆராய்ந்து, இரண்டாம் குழுவும் ஒப்பிய பின்னரே, குடும்பத்தின் எழுத்துவழி இசைவோடு முடிவு செயலுக்கு வருகிறது; அதற்குமுன் நீதித்துறை நடுவருக்கும் தெரிவிக்கப்படுகிறது. ஆகவே அந்தக் கையெழுத்து பலர் கூடி எடுத்த முடிவுக்கான இசைவேயன்றி, தனியொருவரின் தீர்ப்பு அன்று.

நம்பிக்கை 2: மூத்த மகன் வந்து சொல்வதே முடிவு.

உண்மை: அத்தீர்ப்பு மூத்த மகனுக்கெனத் தனி உரிமை எதையும் வழங்கவில்லை. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரோ சான்றளிக்கும் முன்விருப்ப ஆவணத்தில், தமக்காக இசைவு தரவேண்டியவர் யார் என்பதை நோயாளி நலமாயிருக்கும்போதே குறிப்பிடலாம். ஆவணம் இல்லாதபோது, மருத்துவ அறவியல் குடும்பத்திடம் முதலில் எதிர்பார்ப்பது அவர்களுடைய விருப்பத்தை அன்று. நோயாளி பேச முடிந்தால் எதைக் கேட்டிருப்பார் என்பதையே. அதை நன்கறிந்தவர் பாரிசிலுள்ள மகனைவிட, நாற்பதாண்டு உடன் வாழ்ந்த மனைவியாக இருக்கக்கூடும்.

நம்பிக்கை 3: உண்மையைச் சொன்னால் குடும்பம் உடைந்துவிடும்.

உண்மை: பிரான்சின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், உறவினரில் மூன்றில் ஒருவரிடம் மன அதிர்வின் அறிகுறிகள் காணப்பட்டன, தமக்கு முழுத் தகவல் தரப்படவில்லை என்று கருதியவர்களிடமோ அது பாதியை நெருங்கியது. 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு, இறக்கும் தறுவாயிலிருந்த 126 நோயாளிகளின் குடும்பங்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருடனான சந்திப்பை 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாக நீட்டியது. அங்கே குடும்பத்தினர் பேசிய நேரம் 5 நிமிடத்திலிருந்து 14 நிமிடமாக உயர்ந்தது. துயர்க்கால வழிகாட்டிக் கையேடும் தரப்பட்டது. மரணத்துக்குப் பின் 90ஆம் நாளில் மன அதிர்வின் அறிகுறிகள் வழக்கமான பிரிவில் 69 விழுக்காட்டினரிடமும், இப்பிரிவில் 45 விழுக்காட்டினரிடமும் இருந்தன. மருத்துவர் கூடுதலாகப் பேசியதைவிட, குடும்பம் பேசியதை அவர் கேட்டதே இங்கு கவனிக்கத்தக்கது.

நம்பிக்கை 4: வலிதணிப்புச் சிகிச்சை என்றால் டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று பொருள்.

உண்மை: வலி, மூச்சுத்திணறல், அச்சம் ஆகியவற்றைத் தணிக்கும் இச்சிகிச்சை, நோயைக் குணப்படுத்தும் முயற்சியோடு சேர்ந்தே நடக்கக்கூடியது, நோயாளியோடு குடும்பத்தையும் தன் பொறுப்பில் கொண்டு, இழப்புக்குப் பிந்தைய துயர்க்காலத்திலும் தொடர்வது. இந்தியாவில் இதற்கான தேசியத் திட்டம் 2012இல் வகுக்கப்பட்டது.

ஆகவே முடிவெடுக்கும் குடும்பங்கள் மருத்துவரிடம் அமர்ந்து பேச நேரம் கேட்க வேண்டும். தொலைவிலுள்ள உறவினரையும் அதே உரையாடலில் கைபேசி வழியே இணைக்க வேண்டும். குற்றவுணர்வோ உறக்கமின்மையோ நீடித்தால், டெலிமானஸ் எனும் அரசின் இலவச மனநல உதவி எண்ணான 14416இல் தமிழிலேயே பேசலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெரியவர்களின் விருப்பத்தை அவர்கள் நலமாயிருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது, பின்னொரு நாள் கையெழுத்துப் போட வேண்டியவருக்குச் செய்யக்கூடிய பேருதவியாகும்.