கடன் கொள்வோர் அறிய வேண்டிய கணக்கு

விதைக்கும் நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் உள்ளன. அவ்விடைக்காலத்தில் உழவுக்கும் உரத்திற்கும் கூலிக்கும் பணம் வேண்டும். ஆதலின் கடன் பெறுவது உழவனுக்கு இழிவன்று. அது தொழிலின் ஓர் அங்கமேயாகும். கணக்கறியாமல் கடன் பெறுவதே கேடு விளைவிப்பது.

1904 ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. ஆயினும் 1951-52 இல் நடைபெற்ற அகில இந்திய கிராமக் கடன் ஆய்வின்படி, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடே. பெரும்பகுதி வட்டிக்கு விடுவோரிடமிருந்து வந்தது. இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. எனினும் கைமாற்றும் தண்டலும் நம் ஊர்களை விட்டு நீங்கவில்லை.

வட்டியை ஆண்டுக் கணக்கில் காண்க

“மூன்று வட்டி” என்று கேட்கும்போது அது சிறிதாகத் தோன்றும். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 ரூபாய். ஒரு இலட்சம் ரூபாய்க்கு ஓராண்டில் 36,000 ரூபாய் வட்டி மட்டும் ஆகிறது. அசல் அப்படியே நிற்கும்.

தண்டலில் வட்டி மறைந்து நிற்கிறது. 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி, 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் வாங்குகின்றனர். “ஆயிரந்தானே வட்டி” என்பர். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்து வருவதால், அந்த 100 நாளும் நம் கையில் சராசரியாக இருந்தது ஏறத்தாழ 4,500 ரூபாயே. அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கும் மேலாகிறது. சிறு கடை வைத்திருப்போர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம். அளவு கடந்த வட்டியைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

தவணை நாளே பொன்னாள்

உழவர் கடன் அட்டை 1998 இல் வந்தது. அதன்வழி 3 இலட்சம் ரூபாய் வரையிலான குறுகிய காலப் பயிர்க் கடனுக்கு ஆண்டு வட்டி 7 விழுக்காடு. தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு 3 விழுக்காடு சலுகை உண்டு; எஞ்சுவது 4 விழுக்காடே. நம் மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களிலோ, தவணைக்குள் செலுத்துவோரிடம் பயிர்க் கடனுக்கு வட்டியே பெறப்படுவதில்லை. தவணை தப்பினால் இச்சலுகைகள் கிட்டா.

எமது ஒன்றியத்தில் இரண்டு ஏக்கர் நெல் பயிரிடும் பெரியவர் ஒருவர் பன்னிரண்டு நாள் தாமதித்துச் சங்கத்திற்குச் சென்றார். வட்டியின்றித் தீர்ந்திருக்க வேண்டிய கடனுக்கு ஆண்டு வட்டியும் தாமத வட்டியும் கட்ட நேர்ந்தது. “பணம் பெட்டியிலேயே இருந்ததய்யா, தேதிதான் நினைவில் இல்லை” என்று அவர் கூறியது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. கடன் பெற்ற அன்றே தவணை நாளைச் சுவரில் எழுதி வைத்திருந்தால் அப்பணம் அவர் வீட்டிலேயே தங்கியிருக்கும்.

கையொப்பமிடுமுன்

எழுதாத தாளில் ஒருபோதும் கையொப்பமோ கைநாட்டோ இடலாகாது. கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் இரசீது பெற்று, கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்து வாங்குக. ஜாமீன் நிற்பதை வெறும் மரியாதையாகக் கருதற்க. 1872 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, கடன் வாங்கியவருக்குள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. ஊரில் மதிப்புடையோர் என்பதால் ஊராட்சி உறுப்பினரையே பலரும் ஜாமீனுக்கு நாடுவர். அவர்கள் இதனை நன்கு உணர்தல் வேண்டும்.

ஊராட்சியின் பணி

கிராம சபை கூடும் நாளில் கூட்டுறவுச் சங்கச் செயலாளரை அழைத்து, தவணை நாள்களை அனைவரும் அறியச் சொல்லச் செய்யலாம். ஊராட்சி அலுவலகப் பலகையிலும் எழுதி வைக்கலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுவதில்லை. அக்கறை ஒன்றே போதும். ஒரு குடும்பம் வட்டியில் இழக்கும் பணம் அக்குடும்பத்தின் விதையாகவும் பிள்ளைகளின் படிப்பாகவும் ஆகவேண்டிய பணம் அன்றோ! அதனைக் காப்பதும் ஊர் வளர்ச்சிப் பணியேயாகும்.