பழைய சட்டையில் புதிய ரவிக்கை

நாம் ரவிக்கை என்பதை மைசூரில் உள்ள உங்கள் கன்னடத் தோழியர் ‘ரவிகெ’ என்பர். 19-ஆம் நூற்றாண்டில், தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி, பம்பாயில் பார்சிப் பெண்கள் சேலை உடுத்தும் முறையைக் கற்றார். அதனை ரவிக்கையுடன் வங்காளத்தில் பரப்பினார். அக்கால ரவிக்கைகள் பல உயர்ந்த கழுத்தும் நீண்ட கையும் உடையவை. ஆதலால், பழைய பருத்திச் சட்டை ஒன்று அப்பாணிக்கு நன்கு பொருந்தும்.

கடைத்துணி குறைந்தால் மேலும் வாங்கலாம். பழைய சட்டைக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே கத்தரிக்கோலை எடுக்குமுன் திட்டமிடுவோம்.

1. அளவு பொருந்திய ரவிக்கையைச் செய்தித்தாளில் வைத்து வரைக. தையலுக்கென அரை அங்குலம் கூட்டுக.
2. சட்டைக் கழுத்தின் மடிந்த பகுதியை மட்டும் பிரித்தெடுக்கவும். எஞ்சும் பட்டையே உயர்ந்த கழுத்தாகும்.
3. பொத்தான் வரிசை அப்படியே இருக்கட்டும்.
4. தோள் அகலத்தைக் குறைத்துக் கைகளை மீண்டும் இணைக்கையில், மேற்புறம் சுருக்கு வைத்தால் கை உப்பி நிற்கும்.
5. அடிப்பகுதியில் மிஞ்சும் துணியைச் சேமித்து வைக்கவும். பின்னாளில் கிழிசலுக்கு ஒட்டுப்போட உதவும்.

பயிற்சி: உங்கள் வீட்டிலுள்ள பழைய ஆடை ஒன்றை எவ்வாறு மாற்றுவீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.