தொழிலாளர் எழுதிய சுயசரிதைகள்

தொழிலாளி தன் வரலாற்றைத் தானே எழுதுவதால் நமக்கென்ன பயன் என்று சிட்லபாக்கத்து அங்கத்தினர் சிலர் வினவினர். ம.பொ.சிவஞானத்தின் ‘எனது போராட்டம்’ நம்மவர் நூல். 1906-இல் சென்னையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தறியில் அமர்ந்தார், பின்னர் அச்சகத்தில் எழுத்துக் கோத்தார். பசி பொறுத்துப் பழைய புத்தகங்கள் வாங்கியே அறிஞரானார்.

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்திலும் இத்தகையோர் பலர் எழுதினர். அவருள் மரச்சாமான் தச்சர் வில்லியம் லவெட் நமக்கு நெருங்கியவர். 1876-இல் வெளிவந்த அவர் சுயசரிதையில், லண்டன் கூட்டுறவுப் பண்டகசாலையொன்றில் அவர் பணியாற்றிய செய்தி உள்ளது. விற்பனை போதவில்லை, சங்கம் அவருக்குப் பதிலாக அவர் மனைவியைப் பாதிச் சம்பளத்தில் அமர்த்திற்று. (இச்சிக்கனம் நமக்குப் புதிதன்று!) அவர் மீண்டும் உளியெடுத்தார்.

அக்காலச் சங்கங்கள் நலிந்ததற்கு அவர் மூன்று காரணங்கள் கூறுகிறார்: சமயப் பிணக்கு, சட்டப் பாதுகாப்பின்மை, ஒரே கடையில் வாங்கப் பெண்கள் விரும்பாமை. கடையில் நின்று பார்த்தவரன்றி வேறு யார் இதை எழுதுவார்? சட்டம் இங்கிலாந்தில் 1852-இலும் நம் நாட்டில் 1904-இலும் வந்துவிட்டது. மூன்றாவதற்குப் பெண்களைக் குறைகூறுவதை நாம் ஏற்கோம். கடன் தரும் கடையை விட்டு வர, இல்லாள் கையில் முதலில் ரொக்கம் இருத்தல் வேண்டும்.