விரல்களுக்கும் ஒரு மெய்நிகர் உலகம்

புதிய 500 ரூபாய்த் தாளின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். ஐந்து சாய்கோடுகள் சற்றே மேலெழும்பியிருப்பதை உணரலாம். பார்வையற்றோர் தாளின் மதிப்பை அறிவதற்காக அமைந்தவை அவை. கண் காணாததையும் கை அறியும். அந்த அறிவைக் கணினி வழியே அளிக்க முயலும் துறைக்கு ஹாப்டிக்ஸ், அதாவது தொடு உணர்வு நுட்பம், என்று பெயர்.

மெய்நிகர் காட்சிக் கண்ணாடி அணிந்தவர் எதிரே ஒரு கோப்பையைக் காண்கிறார். எடுக்க முயன்றால் கை காற்றையே பற்றுகிறது. இக்குறையை நீக்கவே தொடு உணர்வுக் கையுறைகளும் மேலங்கிகளும் உருவாயின. அவற்றை இரு வகையாகப் பிரிக்கலாம்.

அதிர்வு வகை: சிறு மோட்டார்கள் தோலில் அதிர்வை எழுப்பும். தோலிலுள்ள பசினியன் நுண்ணுறுப்புகள் நொடிக்கு 250 அளவிலான அதிர்வுகளை மிக நுட்பமாக உணர்கின்றன. ஆகவே, தொட்டோம் என்பது தெரியும். பொருள் கெட்டியா, மென்மையா என்பது சரிவரத் தெரியாது.

விசை வகை: பொருளைத் தொட்ட இடத்தில் விரல் மேலும் மடங்காதவாறு கருவி தடுக்கும். இதனால் கெட்டித்தன்மை புலப்படும். ஆயினும், கையுறை கையிலேயே தாங்கி நிற்பதால் பொருளின் எடையை முழுமையாக உணர்த்துவது கடினம். அதற்கு மேசையிலோ தரையிலோ ஊன்றிய கருவி வேண்டும்.

திரைப்படத்திற்கு நொடிக்கு 24 படங்கள் போதும். விசையையோ நொடிக்குச் சுமார் 1000 முறை கணக்கிட வேண்டும். இல்லையேல் கற்சுவரும் களிமண்போல் தோன்றும்.

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மண்டயம் சீனிவாசன் குழுவினரும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினரும், இத்தகைய மேசைக் கருவிகளைக் கொண்டு, இணையம் வழியே ஒரு மெய்நிகர்க் கனசதுரத்தைச் சேர்ந்து தூக்கினர். நம் அருகிலேயே, சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் மணிவண்ணனின் தொடு உணர்வு ஆய்வகம் இயங்குகிறது. வழவழப்பான தொடுதிரையில் மின்புலத்தால் உராய்வை மாற்றி, படத்திலுள்ள சொரசொரப்பை விரலுக்கு உணர்த்தும் ஐடேட் என்னும் நுட்பத்தை 2023இல் அந்நிறுவனம் அறிவித்தது.

கங்காதர நெல்லூர் போன்ற ஊர்களில் மெய்நிகர்ப் பயிற்சி மையம் தொடங்கக் கடன் நாடுவோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் நலம். ஊசி தோலைத் துளைக்கும்போது எழும் எதிர்ப்பை அதிர்வு மட்டும் கற்றுத்தராது. அங்குப் பயின்ற கை நாளை ஒரு நோயாளியின் கையைப் பற்றப்போகிறது. எனவே, திட்ட அறிக்கையில் விலையை எழுதுமுன், கற்பிக்கவிருக்கும் தொழிலுக்கு அதிர்வு போதுமா, விசை வேண்டுமா என்பதை முடிவுசெய்யுங்கள்; இயன்றால் கருவியை நீங்களே அணிந்து பாருங்கள்.