ஓனர் மாறினா பிராண்ட் என்ன ஆகும்? கோல்டு ஸ்பாட் சொல்ற பாடம்

'கோல்டு ஸ்பாட்' ஞாபகம் இருக்கான்னு உங்க அப்பா, அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. ஒரு காலத்துல ஆரஞ்சு கூல்டிரிங்க்ஸ்னா அதுதான். இன்னைக்கு திருவேங்கடம் பெட்டிக்கடையில, 1916-ல விருதுநகர்ல தொடங்கின காளிமார்க்கோட பவண்டோ கிடைக்கும். கோல்டு ஸ்பாட் கிடைக்காது. ஏன்?

1993-ல பார்லேயின் ரமேஷ் சௌகான் தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் உட்பட 5 பிராண்டுகளை கோகோ-கோலாவுக்கு வித்தார். அவங்ககிட்ட ஏற்கெனவே ஃபான்டா இருந்தது. அதனால கோல்டு ஸ்பாட்டை நிறுத்திட்டாங்க. பெப்சியை எதிர்க்க தம்ஸ் அப் தேவைப்பட்டது. 2021-ல அது 100 கோடி டாலர் பிராண்ட் ஆச்சு.

ஒரே டீல், ரெண்டு முடிவு. அதனால ஓனர் போனாரான்னு மட்டும் பார்க்காதீங்க; வாங்கினவருக்கு அது எதுக்குத் தேவைன்னு பாருங்க.

உங்க சம்பளப் பணத்துல பங்கு வாங்கியிருக்கீங்களா? இந்த ரெண்டையும் கவனிங்க:

1. காலாண்டு முடிஞ்சு 21 நாளுக்குள்ள பங்குச்சந்தை தளத்துல ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன் வந்துடும். புரமோட்டர் பங்கு குறையுதா?

2. லிஸ்டட் கம்பெனியில ஒருத்தர் 25% அல்லது அதுக்கு மேல வாங்கினா, பொதுவா குறைஞ்சது இன்னொரு 26% பங்குக்கு ஓப்பன் ஆஃபர் தரணும். அந்த ஆஃபர் கடிதத்துல எதுக்காக வாங்குறாங்கன்னு எழுதியிருக்கும். அதைப் படிச்சிட்டு, பங்கை வைக்கலாமா, கொடுக்கலாமான்னு முடிவெடுங்க.